ஒன்பது என்று எழுதிய தாள்

அந்தப் பையைக் காலடியில் வைக்காதீர்கள், ஐயா, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திடீரென்று நின்றால் கால் ஊன்ற இடம் வேண்டும். குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இருபத்தாறு ஆண்டுகள் இராணுவ வண்டிகளோடு வாழ்ந்தவனுக்குக் கண் இப்படித்தான் போகும். என் பெயர் தாண்டவராயன். ஹவில்தார் தாண்டவராயன்.

ஹவில்தார் என்றால் சட்டைக் கையில் மூன்று பட்டை. அதற்கு அடுத்த படி நாயப் சுபேதார். தோளில் நட்சத்திரம் ஏறும். கீழே உள்ளவர்கள் 'சாப்' என்று அழைப்பார்கள். நான் அந்த நட்சத்திரத்தோடு ஊர் திரும்பியிருக்க வேண்டியவன். பட்டியலில் பெயர் வந்துவிட்டது. என் மனைவி வாசலில் மாட்டுவதற்குப் பலகைகூட எழுதி வாங்கிவிட்டாள். அதை என்னிடமிருந்து பறித்தவர் ஒருவர் இருக்கிறார். சுபேதார் வரதப்பன், நாயப் சுபேதாருக்கும் ஒரு படி மேல். எழுபத்தெட்டு வயதாகிறது. உயிரோடுதான் இருக்கிறார். அவரைப் பழி வாங்க முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தேன், வாங்கியும் விட்டேன். ஆனால் அது முழுமை பெறவில்லை. இன்று நான் வேலூர் போவது அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான். இந்தக் கோப்பில் இருப்பது அதற்கான மனு. போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். வரிசையாகச் சொல்கிறேன்; யார் பக்கம் நியாயம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன் பிறகு கற்றதெல்லாம் நானாகக் கற்றது. அப்போது எங்கள் கம்பெனி வடக்கே ஒரு மலைப்பாதையின் உச்சியில் இருந்தது. நாற்பது லாரிகள், அறுபது ஓட்டுநர்கள். அங்கே இருந்த மூன்று ஆண்டுகளில் எதிரியின் குண்டுக்கு எங்களில் ஒருவரும் பலியாகவில்லை. சாலைக்கு நால்வர் பலியானார்கள். இதைக் கண்டு எல்லாரும் விதி என்றார்கள். நான் ஒருவன்தான் விதி என்று சொல்ல மறுத்தேன். மேலிடத்திலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று அலுவலகத்தில் தேநீர்க் குவளைக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் படித்தேன். அதன் சாரம் இதுதான்: ஆபத்தை ஒழிக்க முடியாது, அளக்க முடியும், அளந்தால் குறைக்க முடியும்.

அதிலிருந்து ஒரு தாளை நானே வடிவமைத்தேன். ஐந்து கேள்விகள். உடல் எப்படி, எத்தனை மணி நேரம் தூங்கினாய்? வழி எப்படி? வானிலை எப்படி? வண்டி எப்படி? மனம் எப்படி, வீட்டிலிருந்து என்ன செய்தி? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று பொருள். கூட்டினால் பத்துக்குள் இருந்தால் சாவி கொடுக்கலாம். பதினைந்து வரை என்றால் துணை ஓட்டுநர் போட வேண்டும், அல்லது பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். பதினாறு வந்துவிட்டால் மேஜரின் கையொப்பம் இல்லாமல் சாவி கிடையாது. சாவிகள் மாட்டும் பலகை என் மேசைக்குப் பின்னால் இருந்தது. எத்தனை அருமையான ஏற்பாடு என்று பாருங்கள்.

மேஜர் என் முதுகில் தட்டினார். ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரிகள் அந்தத் தாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். என் கையெழுத்து அச்சைப் போல இருக்கும். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மற்ற கம்பெனிகளுக்கும் மாதிரிக்கு அனுப்பினார்கள்.

அந்த அழகு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலை ஐந்தரை மணிக்கு, எலும்பு நடுங்கும் குளிரில், முப்பது ஓட்டுநர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவனிடமும் ஐந்து கேள்வி கேட்டு எழுதினால் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தொடக்கத்தில் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. ஆகவே நான் ஒரு சீர்திருத்தம் செய்தேன். முந்தைய நாள் மூன்று மணிக்கு வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மறுநாளுக்குரிய தாள்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். வழி எது என்று தெரியும். வண்டி எது என்று தெரியும். ஆட்களையும் எனக்குத் தெரியும். தெரிந்தவனிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பிச்சாண்டி என்று ஒரு ஓட்டுநர். லான்ஸ் நாயக், கையில் ஒரே பட்டை. இருபத்தைந்து வயது, நம் பக்கத்துப் பையன், நெல்லிமேட்டுக்காரன். மலைப்பாதையில் அவனைப் போல லாரியை இறக்குகிறவன் கிடையாது. அவனுக்கு நான் எப்போதும் உடலுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று போடுவேன். அன்றும் அப்படியே. உடல் ஒன்று, வழி மூன்று, வானிலை இரண்டு, வண்டி இரண்டு, மனம் ஒன்று. ஆக ஒன்பது. மூன்று மணிக்கு எழுதி மடித்து வைத்தேன். அப்போது பிச்சாண்டி கீழே அடிவாரத்தில் இருந்தான். மாலை நான்கு மணிக்கு வந்து சேர வேண்டியவன். வழியில் மண் சரிந்து, பாறையை அகற்றி, அவன் வந்து சேரும்போது விடியற்காலை இரண்டரை. இது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சோதிடனா?

ஊரில் அவன் மனைவிக்குப் பிரசவத்தில் ஏதோ சிக்கல் என்று தந்தி வந்திருந்தது உண்மைதான். விடுப்புக்கு மனு கொடுத்திருந்தான். அது என் மேசையில்தான் இருந்தது. அந்த வாரத்து மனுக்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரே உறையில், ஒழுங்காக அனுப்பலாம் என்று வைத்திருந்தேன்.

காலையில் அணிவகுப்பு. முப்பது பேர் நிற்கிறார்கள். நான் ஒவ்வொருவன் கையிலும் தாளையும் சாவியையும் கொடுத்துக்கொண்டு வருகிறேன். அப்போதுதான் சுபேதார் வரதப்பன் பக்கத்தில் வந்து நின்றார். அன்று நடந்ததை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சொல்கிறேன்.

"தாண்டவராயா, பிச்சாண்டி மூஞ்சி சரியில்லையே. தூங்கினானா? கேட்டியா?"

"தாள் ஒன்பது, சாப்" என்றேன்.

"தாளைக் கேக்கலைய்யா. அவனைக் கேட்டியான்னேன்."

"ஒன்பது, சாப். பத்து வரைக்கும் சாவி கொடுக்கலாம்."

அவர் தாளைப் பார்த்தார். பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் மேஜரின் ஜீப் வந்து நின்றது. சுபேதார் ஏதோ முனகிவிட்டு வணக்கம் வைக்கப் போய்விட்டார்.

இதை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். என்னைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். அப்படிச் செய்தாரா? முப்பது பேர் காதில் விழும்படி கேட்டார். பின்னாளில் சாட்சி வேண்டும் என்ற முன்யோசனை இல்லாவிட்டால் ஒரு மனிதன் ஏன் அவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும்? இதை நான் முப்பத்தைந்து ஆண்டுகளாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேறு விடை கிடைக்கவில்லை.

ஆறாவது வளைவில் லாரி கவிழ்ந்தது. அவன் கண் அயர்ந்துவிட்டான். உயிர் பிழைத்தது, வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். லாரி முற்றாகப் போயிற்று.

விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகள், நீண்ட மேசை. என் தாள் அந்த மேசை மேல் கிடந்தது. எப்போது எழுதியது என்று கேட்டார்கள். முந்தைய நாள் மூன்று மணிக்கு என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அடுத்து வரதப்பனை அழைத்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? தான் கேட்டதாகவும், தனக்குப் பதில் ஆளிடமிருந்து வராமல் தாளிலிருந்து வந்ததாகவும், அப்போதே சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்றும், பிடுங்காமல் மேஜரின் ஜீப்பைக் கண்டதும் ஓடியது தன் குற்றம் என்றும் சொன்னார். சூழ்ச்சியைப் பாருங்கள், ஐயா. தன் தலையில் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டுக்கொண்டு என் தலையில் ஒரு கூடை மண்ணைக் கொட்டினார். அவர் பொய் சொல்லியிருந்தால் நான் எதிர்த்து வாதாடியிருப்பேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் சொல்லி என்னைக் கட்டிப்போட்டுவிட்டார்.

எனக்குக் கடுங்கண்டனம். சிவப்பு மையில் பதிவு. பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. அவருக்கும் ஏதோ கண்டனம் என்றார்கள். அவரும் அதற்கு மேல் உயரவில்லை. ஆனால் அவருக்கென்ன, ஏற்கெனவே தோளில் நட்சத்திரம் இருந்ததே.

முன்னாள் படைவீரர் கூட்டங்களுக்கு நீங்கள் போனதில்லை என்று நினைக்கிறேன். முன்வரிசையில் துணி போர்த்திய நாற்காலிகள். சுபேதார்களும் நாயப் சுபேதார்களும் அமர்வார்கள். பின்னால் நெகிழி நாற்காலிகள். ஹவில்தார் முதல் சிப்பாய் வரை. ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பின்னந்தலையைப் பார்த்தபடி நான் தேநீர் குடித்திருக்கிறேன். அந்தத் தலை கறுப்பிலிருந்து வெள்ளையாகி, வெள்ளையிலிருந்து வழுக்கையானது வரை எனக்குத் தெரியும். பிச்சாண்டியும் வருவான், ஊன்றுகோலோடு. அவன் பக்கம் நான் போவதில்லை. நேரம் வாய்க்கவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு ஒரு செய்தி எட்டியது. எழுபத்தேழு வயதில் வரதப்பன் ஒரு பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு திங்கட்கிழமைதோறும் வேலூர் போய் வருகிறார் என்று.  எந்தத் தாளால் என் வாழ்வை முடித்தாரோ அதே தாளால் அவரை முடிக்க வேண்டும் என்று அந்த நிமிடமே தீர்மானித்தேன்.

அவர் வீட்டுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. பதினொரு திங்கட்கிழமைகள் அங்கே போய் உட்கார்ந்தேன். கையில் குறிப்பேடு. கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார், "மிலிட்டரி, நீங்க டீ குடிக்க வர்றீங்களா, வேவு பாக்க வர்றீங்களா? டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு" என்று. நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். கடமையில் இருக்கும்போது பேசக் கூடாது.

எல்லாவற்றையும் பார்த்தேன். கார்க் கதவைத் திறக்கும்போது சாவி இரண்டு முறை துவாரத்தைத் தவறுகிறது. மூன்றாவது முறைதான் நுழைகிறது. இடப்பக்கம் திரும்பும்போது கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்பையே திருப்புகிறார். அதாவது இடக்கண் தெரியவில்லை. மனைவி இறந்து ஓராண்டு ஆகவில்லை. வண்டியைக் கிளப்புவதற்கு முன் பக்கத்து இருக்கையைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அங்கே யாரும் இல்லை. மழைக்கு முந்தைய நாட்களில் பிரேக்கை மிதிக்கும் கால் சற்றுத் தாமதிக்கிறது. ஒவ்வொரு திங்களும் அந்த இடத்திலேயே எழுதினேன். எழுத்து அழகாக இல்லை. மடியில் வைத்து எழுதினால் எப்படி அழகாக இருக்கும்?

கூட்டினேன். உடல் நான்கு, வழி இரண்டு, வானிலை ஒன்று, வண்டி மூன்று, மனம் மூன்று. பதின்மூன்று. போதவில்லை, ஐயா. எப்படிக் கூட்டினாலும் பதின்மூன்றுக்கு மேல் ஏறவில்லை. நேர்மையானவன் என்பதால் எண்களைத் திருத்தவும் மனம் வரவில்லை.

ஆகவே ஆறாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன். பயணி யார்? ஏனென்றால் அவர் வேலூருக்குத் தனியாகப் போவதில்லை. நெல்லிமேட்டில் நிறுத்தி ஒருவரை ஏற்றிக்கொண்டு, முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அவருக்குப் புண்ணில் கட்டு மாற்றும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். எடுத்த காலின் முனையில் புண், சர்க்கரை வியாதி, ஆறுவதில்லை. ஆம், பிச்சாண்டிதான். நான் நெல்லிமேட்டுக்குப் போய் மரத்தடியில் நின்று அதையும் பார்த்தேன். வரதப்பன் இறங்கி வந்து, ஊன்றுகோலை வாங்கிப் பின்னால் வைத்து, அவன் இடுப்பில் கை கொடுத்து உட்காரவைத்து, வேட்டி நுனி கதவில் சிக்காமல் மடித்துவிட்டு, அதன் பிறகே கதவைச் சாத்துகிறார். சாலையோரத்தில் கதவு திறந்திருந்த நேரம் தொண்ணூறு விநாடி. குறித்துக்கொண்டேன். பயணி: ஆபத்தில் தானாக வெளியேற இயலாதவர். நான்கு மதிப்பெண். ஆகப் பதினேழு.

பதினொரு தாள்களையும் இணைத்துப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். அவர்களும் முறைப்படி வரதப்பனுக்குக் கடிதம் எழுதினார்கள். மருத்துவச் சான்றோடு வந்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று. எந்த நாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு நானும் போனேன். சலவைச் சட்டை அணிந்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். அவர் தடுமாறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தபின் அவரிடம் சொல்வதற்கு நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே சென்னையிலிருந்து வந்த மகள். மைதானத்துக்குள் போகவே இல்லை. நேராக அதிகாரியிடம் போய் உரிமத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். ஓட்டிக் காட்டவில்லையா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், தாளில் எழுதியிருப்பது எல்லாம் சரி என்றார். அவ்வளவுதான். இதற்காகவா நான் பதினொரு திங்கட்கிழமைகள் ஆறிய தேநீர் குடித்தேன்?

பிறகு என்னைப் பார்த்துவிட்டார். உடம்பையே திருப்பி, அடையாளம் கண்டு, என்னை நோக்கி வந்தார். நான் முதல் வாக்கியத்துக்குத் தயாரானேன்.

"நல்லா இருக்கியா, தாண்டவராயா?"

நான் விறைப்பாக நின்றேன்.

"இடது கண்ணு ஒரு வருஷமாவே மங்கல். பொண்ணு சொன்னா, கேக்கலை. உன் தாளு பதினொன்னையும் குடுத்தாங்க, உக்காந்து படிச்சேன். சாவி ரெண்டு தடவை தவறுதுன்னு எழுதியிருக்க. எனக்கே தெரியாதுய்யா அது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவ உக்கார்ற சீட்டைப் பாத்து நான் பேசறதைக்கூட எழுதியிருக்க."

"கடமை" என்றேன். நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"இருக்கட்டும். நீ ஆளைப் பாத்து எழுதின மொதல் தாளு இதுதான்யா." என் தோளில் கை வைத்தார். பட்டை இருந்த கையில் அல்ல, தோளில். "கண்ணு ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போறேன். ரெண்டு மாசம் ஆகும். பிச்சாண்டி இனிமே பஸ்ஸுலதான் போவணும். திங்கக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடப் போயேன்."

குரலில் கேலி இருந்திருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். கேலி இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. பணி ஓய்வு பெற்ற ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளையிட அதிகாரம் இல்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் ஆட்டோ போய்விட்டது.

இப்போது புரிகிறதா, பழி ஏன் தீரவில்லை என்று? உரிமம் போனது அவருக்கு நட்டமே இல்லை. எனக்கோ, 'முதல் தாள்' என்று ஒரு சொல் காதில் விழுந்துவிட்டது. அவதூறு. ஆயிரக்கணக்கான தாள்கள் எழுதியவன் நான். அந்த ஒரு சொல்லை அவர் எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும் என்பதே இந்த மனு. திங்கட்கிழமை படைவீரர் நல அலுவலகத்தில் குறைகளைக் கேட்கிறார்கள்.

மனுவில் ஓர் இடம் மட்டும் நிரம்பவில்லை. அவர் சொன்னது பொய் என்று காட்ட ஒரு சான்று வேண்டும். ஒரே ஒரு காலை, ஒரே ஓர் ஓட்டுநர், நான் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுதிய ஒரே ஒரு தாள் போதும். அந்த முதல் வாரத்தில் நிச்சயம் இருந்திருக்கும். நினைவில் தேடிக்கொண்டே இருக்கிறேன். எண்கள் வருகின்றன. என் கையெழுத்து வருகிறது. முகம் வர மறுக்கிறது. பிச்சாண்டியின் அன்றைய முகம்கூட எனக்கு நினைவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும்தான். இந்த இடம் நிரம்பாததால்தான் நான்கு திங்கட்கிழமைகளாக இதே பேருந்தில் போய், மனுவைக் கொடுக்காமல் திரும்புகிறேன். நல அலுவலக நிறுத்தம் முன்பே வந்துவிடும். ஆனாலும் இதே பேருந்தில் வரும் பிச்சாண்டி மருத்துவமனை வாசலில் இறங்கி உள்ளே போகும்வரை நான் இறங்குவதில்லை. அதற்கும் அந்தக் கட்டளைக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

அவனுக்கு நான் இங்கே இருப்பது தெரியாது. பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அவனிடம் பேசுவது என்றால் எதிலிருந்து தொடங்குவது? அன்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றா?

வண்டி வேகம் குறைகிறது. நெல்லிமேடு வந்துவிட்டது. சன்னல் பக்கம் நான் நகர்ந்துகொள்கிறேன், அந்தச் செய்தித்தாளைச் சற்றுக் கொடுங்கள். ஊன்றுகோலோடு ஏறுகிறாரே, அவர்தான். இன்று நிற்கத்தான் இடம் இருக்கிறது போலிருக்கிறது. நீங்கள் நல்ல மனிதர், எழுந்து இடம் கொடுக்கத்தான் நினைப்பீர்கள். கொடுங்கள், வேறு யாரையாவது எழுப்பிக் கொடுங்கள். இந்த இடம் மட்டும் வேண்டாம், ஐயா. என் பக்கத்தில் வேண்டாம்.